பதினேழாவது ஓட்டை

சேரப்பணஞ்சேரி
12.7.2025

என் அன்புத் தங்கச்சி பேச்சிக்கு,

அக்கா தங்கமாரி எழுதுவது. நான் நல்ல சுகம். உன் சுகத்தையும், ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையும் எழுது. உங்கள் ஹாஸ்டலில் போனைக் கண்ணில் காட்டக்கூடாது என்று சிஸ்டர்மார் சொன்னாலும் சொன்னார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் பக்கம் பக்கமாக எழுதப் பேனாவைப் பிடிக்கிறேன்.

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நான் கார் செய்கிறேன் என்று அம்மா பீடி சுற்றுகிற இடமெல்லாம் சொல்லிவிட்டாளாமே. கார் இல்லையடி, கார் சீட். அதிலும் சீட் இல்லை, ஸ்க்ரூ. ஒரு சீட்டுக்குப் பதினாறு ஸ்க்ரூ. பெட்டியிலிருந்து எண்ணி எண்ணிக் கவரில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான். விரல் நுனி மரத்துவிட்டது.

நேற்று ஒரு கவரில் பதினைந்துதான் இருந்ததாம். லைனில் பூட்டுகிற பையன் கையைத் தூக்கிவிட்டான். சூப்பர்வைசர் சின்னப்பராஜ் அண்ணன் வந்து, "இன்னாமா, பதினாறு எண்ணத் தெரியாதா ஒனக்கு? லைனே நின்னுகினு கீது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே இன்னொரு கூத்தும் உண்டு. மாதம் ஒரு யோசனை அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கைசன் என்று பெயர். வேலையை எளிதாக்க வழி சொல்ல வேண்டுமாம். நான் தண்ணீர் கேனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி எழுதினேன். போன மாதமும் அதையேதான் எழுதினேன். எங்கள் கான்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. எழுபது பிள்ளைகளில் மூன்று பேரைத்தான் கம்பெனி ஆளாக எடுப்பார்களாம். அந்த மூன்றில் நான் எங்கே வரப்போகிறேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

உன் அக்கா
தங்கமாரி


நாங்குநேரி
24.7.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

பேச்சி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேடுவதே எங்களுக்கு உடற்பயிற்சி. உன் விரல் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை இயற்பியல் டீச்சர் ஷீபாவிடம் காட்டினேன். கோபப்படாதே, ஸ்க்ரூ பகுதியை மட்டும்தான். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பொறியியல் போட்டி வந்திருக்கிறது. கடையில் வாங்கி ஒட்டிய ரோபோ எல்லாம் ஆகாது. தன் கையால் செய்த ஒரு கருவி வேண்டும், செய்த பிள்ளையே நின்று விளக்க வேண்டும். முதல் மூன்று பேருக்கு டிப்ளமோ படிப்பு முழுக்க இலவசம். எங்கள் பள்ளியில் ட்ரில்லிங் மெஷின் ஒன்று வந்து உறை பிரிக்காமல் கிடந்தது. டீச்சர் சாவி வாங்கிவிட்டார்கள்.

அக்கா, நீ எண்ணவே கூடாது. பலகை எண்ண வேண்டும். ஒரு பலகையில் பதினாறு ஓட்டை. ஸ்க்ரூவின் உடம்பு நுழையும், தலை நுழையாது. பலகை மேல் ஒரு கை ஸ்க்ரூவை அள்ளிப் போட்டு ஆட்டினால் ஓட்டைக்கு ஒன்றாக இறங்கித் தொங்கும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, பலகையைப் புனல் மேல் கவிழ்த்தால் கவரில் பதினாறும் விழும். பதினைந்து விழுந்தால் அந்தச் சின்னப்பராஜ் அண்ணனைப் பலகையை ஏசச் சொல்.

ஸ்க்ரூவின் அளவு உடனே வேண்டும். தலை எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று எழுது.

உன் செல்லத் தங்கை
பேச்சி


சேரப்பணஞ்சேரி
6.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம், என் விரலைத் தவிர.

கம்பெனி ஸ்க்ரூ ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் தடவித்தான் அனுப்புவார்கள். அதனால் ஒரகடத்தில் கடை கடையாக ஏறி அதே அளவில் நாற்பது வாங்கி இந்தக் கவரில் தைத்திருக்கிறேன். கடைக்காரர், "இன்னாத்துக்குமா, வூட்ல கார் சீட்டு கீதா?" என்று சிரித்தார்.

நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். ஒன்றுதான் சந்தேகம். ஸ்க்ரூ உடம்பைச் சுற்றி ஓடுகிற மரை ஓட்டை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், பார்த்துச் செய். என்னை மனதில் வைத்து நீ ஒன்று செய்கிறாய் என்று நினைத்தாலே ஷிப்டுக்குப் போகிற கால் வேகமாக நடக்கிறது. உன்னைப் பிள்ளையாகப் பெற்றதற்கு அம்மா இன்னும் கொஞ்சம் கர்வப்படலாம்.

அக்கா
தங்கமாரி


நாங்குநேரி
28.8.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பலகை பஸ் பார்சலில் வருகிறது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. முதல் பலகையில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ தலையோடு இறங்கிவிட்டது. இரண்டாவதில் நீ சொன்ன மாதிரியே மரை மாட்டிக்கொண்டது. ஓட்டையின் வாயைப் பெரிய ட்ரில் பிட்டால் லேசாக அகட்டினேன், வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

சிரிக்காமல் கேள். வரிசைக்கு நான்காக நான்கு வரிசை போட்டுவிட்டு, கணக்குத் தப்பி மூலையில் பதினேழாவதாக ஒன்று போட்டுவிட்டேன். பலகையை வீணாக்க மனம் வரவில்லை, எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். ஷீபா டீச்சர், "பதினாறு எண்ணத் தெரியாதது உங்க குடும்ப வியாதியாட்டி?" என்று கேட்டார்கள்.

ஒரே வாரம் வைத்து வேலை செய்து பார். எங்கே சிக்குகிறது, எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி, பலகையைத் திருப்பி அனுப்பிவிடு. போட்டிக்கு இதைத்தான் கொண்டுபோக வேண்டும். செப்டம்பர் முப்பதுக்குள் படத்தோடு பதிய வேண்டும்.

பேச்சி


நாங்குநேரி
20.9.2025

அக்காவுக்கு,

நலமா? பலகை கிடைத்ததா? மூன்று வாரமாக ஒரு வரியும் இல்லை. உனக்குக் காய்ச்சலோ என்று பயந்து, சனிக்கிழமை அம்மா பார்க்க வந்தபோது கேட்டேன். நீ போனில் நன்றாகப் பேசுவதாகச் சொன்னாள். பலகை உடைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு, புதிதாகச் செய்ய இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பேச்சி


சேரப்பணஞ்சேரி
25.9.2025

அன்புள்ள பேச்சிக்கு,

நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஓடி (ஓவர்டைம்) அதிகம். மனதில் வைத்துக்கொள்ளாதே.

பலகையை அனுப்பியிருக்கிறேன். நன்றாக இருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், அப்புறம் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு எடுத்து ஓரமாக வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை நொடி என்று பார்க்கவில்லை.

கூடவே ஒரு சுடிதார் துணியும் ஜியாமெட்ரி பாக்ஸும் வைத்திருக்கிறேன். நீலம் உனக்கு எடுப்பாக இருக்கும். போட்டி திருநெல்வேலியோடு முடிந்துவிடும்தானே? அங்கே பேசும்போது என் கம்பெனிப் பெயரைச் சொல்லாதே. உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் இங்கே திட்டுவார்கள்.

அக்கா


நாங்குநேரி
3.11.2025

என் தங்கமான அக்காவுக்கு,

நீ சுகமாக இரு, நான் இப்போது தரையிலேயே இல்லை.

திருநெல்வேலியில் நான்தான் முதல். நடுவராக வந்த ஐயா என் பலகையை ஏழு தடவை ஆட்டிப் பார்த்தார். ஏழு தடவையும் பதினாறு. கடைசிச் சுற்று டிசம்பர் ஆறாம் தேதி. எங்கே என்று நினைக்கிறாய்? ஒரகடம். தாளில் உன் கம்பெனிப் பெயர்தான் போட்டிருக்கிறது, அவர்களுடைய பயிற்சிக் கூடத்தில்தான் நடக்குமாம். நான் வாயைத் திறக்கவில்லை, நீ சொன்ன மாதிரி.

நானும் ஷீபா டீச்சரும் ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குவோம். நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. உன்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. நீ உட்கார்ந்து எண்ணுகிற மேசையை எனக்குக் காட்ட வேண்டும்.

பேச்சி


சேரப்பணஞ்சேரி
19.11.2025

பேச்சிக்கு,

சுகம். சந்தோஷமான செய்திதான்.

அக்கா சொல்வதைக் கேள். அந்தப் பலகையைக் கொண்டுவராதே. சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் என்னென்னவோ மெஷின் கொண்டு வருவார்கள். நீ ஒரு ஓட்டைப் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றால் சிரிப்பார்கள். வேறு ஏதாவது செய், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இல்லாவிட்டால் உடம்பு சரியில்லை என்று இந்த வருஷம் விட்டுவிடு. அடுத்த வருஷமும் போட்டி வரும்.

அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்காது. ஸ்டேஷனுக்கு வர முடியாது. என்னைத் தேடவும் வேண்டாம்.

தங்கமாரி


நாங்குநேரி
10.12.2025

அன்புள்ள தங்கமாரிக்கு,

வணக்கம். நான் பேச்சியின் இயற்பியல் ஆசிரியை ஷீபா. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. ஒரு வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி பிள்ளைகளை முதலில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போனார்கள். ஸ்க்ரூ மேசைகளில் எல்லாம் பேச்சியின் பலகை இருந்தது. அலுமினியத்தில் பளபளவென்று செய்திருந்தார்கள். சுவரில் உங்கள் படம், கீழே 'செப்டம்பர் மாதச் சிறந்த கைசன், தங்கமாரி' என்று எழுதியிருந்தது. பேச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

அலுமினியப் பலகையின் மூலையிலும் அடைத்த மாதிரி ஒரு குழி இருந்தது. பிறகு கூடத்தில் நடுவர் பேச்சியிடம் அதைக் கேட்டார். "இந்தக் குழி எதுக்கும்மா?" அவள் உள்ளதைச் சொன்னாள். "தப்பாப் போட்டுட்டேன் சார். அதான் அடைச்சேன்." நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பலகையைத் திருப்பிப் பிடித்துவிடாமல் இருக்க வைத்த அடையாளம் அது என்று கம்பெனி வரைபடத்தில் எழுதியிருக்கிறதாம். "காப்பியடிச்சவங்களுக்குக் காரணம் தெரியாதுல்ல" என்றார் ஒருவர். கூடம் முழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள்.

நான் எழுந்து, இவள் ஓட்டை போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன். அவர்கள் ஒரு தாளை எடுத்து பேச்சியிடம் நீட்டினார்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. பேச்சி அதைப் படித்துவிட்டு, "ஆமா சார். எங்க அக்காதான் செஞ்சா. நான் பாத்துப் போட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பலகையை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளி இரண்டு வருஷத்துக்குப் போட்டியில் கலந்துகொள்ளக்கூடாது என்று கடிதம் வந்திருக்கிறது. திரும்பி வரும் ரயிலில் அவளிடம் உங்கள் கடிதங்களைக் கேட்டேன். ஸ்க்ரூ வாங்கி அனுப்பியது நீங்கள்தானே, தேதியோடு இருக்குமே என்றேன். "அக்கா வேலை போயிரும் டீச்சர்" என்று சொல்லித் தர மறுத்துவிட்டாள்.

நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இரண்டே வரி எழுதுங்கள் போதும். பலகை பேச்சி செய்தது என்று. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ஷீபா


சேரப்பணஞ்சேரி
2.1.2026

என் பேச்சிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நானும் நன்றாக இல்லை.

ஷீபா டீச்சருக்கு நான் எழுதவில்லை. எழுதவும் முடியாது. உனக்கு மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உன் பலகையை மேசையில் வைத்த முதல் நாளே, முந்நூறு கவர் போடுகிற இடத்தில் ஐந்நூறு போட்டேன். சின்னப்பராஜ் அண்ணன் வந்து, "இன்னாமா இது? யார் செஞ்சது?" என்று கேட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பதினைந்து ஸ்க்ரூவுக்காகப் பார்த்த அதே ஆட்கள். "நான்தாண்ணே" என்று வந்துவிட்டது. "கில்லாடிமா நீ" என்று அவரே கைசன் அட்டையில் என் பெயரை எழுதினார். அப்புறம் தங்கச்சி செய்தது என்று சொல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மாதிரி அலுமினியத்தில் செய்ய டூல் ரூமில் அளவெடுக்கக் கேட்டார்கள், கொடுத்தேன். அதனால்தான் உனக்குத் திருப்பி அனுப்ப நான்கு வாரம் ஆயிற்று. அந்தக் குழி எதற்கு என்று கேட்டார்கள். தப்பு என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து அடையாளம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் கடைசியில் ஆபீசுக்குக் கூப்பிட்டு, போட்டிக்கு நீ அனுப்பிய பலகைப் படத்தை உன் பெயரோடு காட்டினார்கள். என் தங்கச்சி என்றேன். "நீங்க வரைஞ்சு குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் உனக்குக் கெடுதல், இல்லை என்றால் எனக்கு வேலை போகும். மறுநாள்தான் மூன்று பேர் பட்டியல் போடுகிறார்கள். ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் பேச்சி. போடும்போது உன் முகம் வந்தது, ஆனாலும் போட்டேன்.

நேற்று முதல் நான் கம்பெனி ஆள். உன்னை எந்த டிப்ளமோவுக்கு வேண்டுமானாலும் நான் படிக்க வைக்கிறேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு இன்னும் பத்துப் போட்டி வரும். எனக்கு இது ஒன்றுதான். அந்தக் கடிதங்களை டீச்சரிடம் கொடுத்துவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

உன் அக்காதான்
தங்கமாரி


நாங்குநேரி
20.1.2026

தங்கமாரிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத மனம் வரவில்லை.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நீ எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். 'நான் விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் தங்கை என்னுடைய வரைபடத்தைப் பார்த்துத் தானும் ஒன்று செய்துவிட்டாள். சிறுபிள்ளை, மன்னித்துவிடுங்கள்.' மன்னிக்கச் சொல்லி நீயே எழுதியிருந்தாய். நீ ஏப்ரலுக்குப் பிறகு ஊருக்கே வரவில்லை. கீழே உன் கையெழுத்து. அதை எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும், என் ப்ராக்ரஸ் கார்டில் அம்மாவுக்குப் பதிலாக நீதான் போடுவாய்.

நான் அங்கே, அது பொய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உன்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். ஒரு மூச்சில் அதுதான் தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை. இப்போது யோசித்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. உனக்கு அந்த ஒரு மூச்சு என் பக்கம் வரவில்லை, மூன்று மாதம் இருந்தும் வரவில்லை.

சுவரில் உன் படத்தைப் பார்த்தபோதுகூட, அக்கா என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாள், கீழே எங்காவது என் பெயரும் சின்னதாக இருக்கும் என்று கிட்டப் போய்த் தேடினேன்.

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உனக்காகத்தானே செய்தேன். வேறு ஒன்று செய்து போட்டிக்குப் போயிருப்பேன். கேட்காமல், ஓட்டைப் பலகை என்று என்னிடமே ஏளனமாக எழுதினாய். நான் இரண்டு நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன், நிஜமாகவே மட்டமாக இருக்கிறதோ என்று.

ட்ரில்லிங் மெஷின் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஷீபா டீச்சரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். என்னால், அடுத்த வருஷம் மேலே வரப்போகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் போட்டி இல்லை. யாரும் என்னிடம் நேரில் ஒன்றும் சொல்வதில்லை. நான் வரிசையில் நின்றால் நோட்டை மட்டும் மூடிக்கொள்கிறார்கள்.

பயப்படாதே. உன் கடிதங்களை டீச்சரிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். உன் வேலை உன்னிடம் இருக்கட்டும். என்னைப் படிக்க வைக்க வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஹாஸ்டலில் எனக்கு ஒரு அட்டை உண்டு. காப்பாளர் என்று அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்கள் எழுதுகிற கடிதத்தை மட்டும்தான் சிஸ்டர் எங்களிடம் தருவார்கள். மற்றதெல்லாம் அப்படியே திரும்பிப் போய்விடும். இதுவரை உன் பெயர் இருந்தது. சனிக்கிழமை அம்மாவை வரச் சொல்லி, அட்டையில் உன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டேன். "அக்காவுக்கு என்னாச்சு பிள்ள?" என்று கேட்டாள். "அவளுக்கு இப்ப வேலை சாஸ்தி, எழுத நேரம் இல்லம்மா" என்றேன். நம்பிவிட்டாள். பெருவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வைத்தாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் இனிமேல் எனக்குக் கடிதம் எதுவும் வராது.

நீ போடுகிற பதில் வாசலிலிருந்தே உனக்குத் திரும்பி வரும். ஸ்டாம்பை வீணாக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பேச்சி